"மிக்ஸ்ல பாத்துக்கலாம்" வேண்டாம்: லேபிள் இல்லாமல் ஒரு ராக் ஆல்பம் போடுவது எப்படி

ரெக்கார்டிங் நடக்கும் அறையில் அதிகம் காதில் விழும் வாக்கியம் "மிக்ஸ்ல பாத்துக்கலாம்". (தனித்தனியாகப் பதிவான தடங்களைச் சேர்த்து ஒரே பாட்டாக்கும் வேலைதான் மிக்ஸ்.) ஸ்நேர் டிரம் கிணுகிணுக்கிறதா, மிக்ஸ்ல பாத்துக்கலாம். இரண்டாவது வெர்ஸ் இழுவையா, மிக்ஸ்ல பாத்துக்கலாம். உச்சத்தில் பாடகருக்குச் சுருதி நிற்கவில்லையா, அதையும் அங்கேயே பாத்துக்கலாம். இப்படி ஒத்திப்போட்டதெல்லாம் கடைசியில் மிக்ஸ் செய்பவர் தலையில் வந்து விடியும். பேண்டில் நாலு பேரும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கக்கூடிய முடிவை, அவர் ஒற்றை ஆளாக ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டிருப்பார்.

நான் பேஸ் வாசிக்கிறவன். மற்ற பேண்டுகளுக்கு ரெக்கார்டிங், மிக்ஸிங்கும் செய்து தருகிறேன். லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது, சொந்தப் பாட்டு மட்டும் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற பேண்டை மனதில் வைத்துச் சொல்கிறேன். லேப்டாப்பில் தனியாகச் செய்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் பாட்டைக் கழியுங்கள்

ரிகர்சல் அறையின் நடுவில் போனை வைத்து, கையிலிருக்கும் எல்லாப் பாட்டையும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். ஒலித்தரம் மோசமாக இருக்கும். இருக்கட்டும். மறுநாள் அவரவர் தனித்தனியாக, கையில் வாத்தியம் இல்லாமல் கேட்க வேண்டும். எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேரின் குறிப்பிலும் ஒரே இடம் வந்தால் அங்கே வெட்டு விழ வேண்டும், வாதமே கிடையாது. வாசிக்க ஆனந்தமாக இருக்கிற பாட்டெல்லாம் கேட்கவும் ஆனந்தமாக இருந்துவிடாது. பன்னிரண்டு பாட்டு இருந்தால் எட்டு, ஒன்பது தேறும். அது போதும். நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற ஆல்பத்தைத்தான் ஆட்கள் மறுபடி கேட்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் குறிப்புகளை எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆல்பம் வெளிவந்த பிறகு அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

தேறிய பாட்டுகளுக்கு வேகத்தை முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றையும் இப்போது வாசிக்கிற வேகத்தில் ஒருமுறை, மூன்று பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) குறைத்து ஒருமுறை, கூட்டி ஒருமுறை. ராக் பேண்டுகள் ரிகர்சலில் கொஞ்சம் ஓடும். வரிகள் வாயில் நிற்கிற வேகத்தைப் பாடகரே சொல்லட்டும். சுருதியும் அப்படித்தான்: ஒரு பாட்டை ஒருமுறை பாட முடிகிறதா என்று பார்ப்பது வீண், அடுத்தடுத்து மூன்று முறை பாட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அரை ஸ்வரம் இறக்குங்கள். கிட்டாரிஸ்ட் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இரண்டு கிட்டார் இருக்கிற பேண்டில் நான் முதலில் பார்ப்பது இரண்டு பேரின் இடது கையையும். பெரும்பாலும் இருவரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் பிடித்திருப்பார்கள். இ மேஜரில் ஒரு பாட்டு என்றால் ஒருவர் ஓபன் கார்டிலேயே இருக்கட்டும். இன்னொருவர் ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு, ஏ கார்டின் வடிவத்தைப் பிடித்து வாசிக்கட்டும். ஒலிப்பது அதே இ தான், ஆனால் மேலே ஒரு தனி இடத்தில் உட்கார்ந்துவிடும். கீழே பேஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். (பேஸ் வாசிக்கிறவன் சொல்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) இதே நெரிசலை மிக்ஸில் ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டுப் பிரிக்கப் பார்த்தால் இரண்டு கிட்டாருமே சோனியாகிவிடும்.

ஸ்லின்ட் என்ற பேண்ட் 'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பத்தை 1990 ஆகஸ்டில் நாலே நாளில் ரெக்கார்டு செய்து முடித்தது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒரு வீட்டின் நிலவறையில் அதே ஆறு பாட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து வாசித்திருந்தார்கள். ஸ்டூடியோவுக்குள் போகும்போது இசையில் முடிவெடுக்க அனேகமாக எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு முடிவு, இதைத்தான் எல்லோரும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவார்கள்: பங்கு. பாட்டு எழுதிய உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரண்டும் யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, ரெக்கார்டிங் தொடங்கும் முன்பே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டூடியோக்காரருக்கு ஒருமுறை சம்பளமா, வருமானத்தில் பங்கா என்பதும் அதிலேயே வரட்டும். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1992-இல் நிர்வானா பேண்டுக்கு எழுதிய கடிதத்தில், ராயல்டி வாங்க மாட்டேன், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று சொன்னார். எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படி என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

டிரம்ஸ்

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் இது. மற்ற எதையும் வீட்டில் திரும்ப எடுக்கலாம். டிரம்ஸை எடுக்க முடியாது.

புதுத் தோல் மாட்டுங்கள். அன்றைக்குக் காலையில் மாட்டினால் மதியத்துக்குள் இழுபட்டுச் சுருதி இறங்கும், அதனால் முந்தின நாளே மாட்டி, அழுத்தி, டியூன் செய்து வையுங்கள். ஸ்டூல் கிறீச்சிடுகிறதா, கிக் பெடல் சத்தம் போடுகிறதா என்று பார்த்து எண்ணெய் விடுங்கள். டாம் அடிக்கும்போது ஸ்நேரின் அடிக்கம்பி சேர்ந்து அதிர்ந்தால், அந்த டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். டிரம்மரிடம் நான் கேட்கிற ஒரே உதவி: சிம்பலை மெதுவாக, ஸ்நேரை ஓங்கி. மேடையில் பழகிய கை இரண்டையும் ஒரே வேகத்தில் அடிக்கும். ஹை-ஹாட் ஸ்நேர் மைக்குக்குள் புகுந்துவிட்டால் எந்த பிளக்-இன்னும் (ஒலியைத் திருத்தும் துணை சாஃப்ட்வேர்) அதைக் கௌரவமாக வெளியே எடுக்காது.

நாலு மைக் போதும்: காலால் அடிக்கும் கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே ஓவர்ஹெட் இரண்டு. இந்த ஓவர்ஹெட் இரண்டையும் கண் மதிப்பில் தொங்கவிடாதீர்கள். ஒரு மைக் கேபிளை எடுத்து, ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் டிரம்மரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுபக்கத்தை முதல் ஓவர்ஹெட்டின் முகம்வரை இழுத்து, அந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு, அதே நீளத்தை இரண்டாவது மைக்குக்குக் கொண்டு போங்கள். எட்டவில்லை என்றாலும் தொங்கினாலும் ஸ்டாண்டை நகர்த்துங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஒரு மைக் 17 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஸ்நேரின் ஒலி அதில் அரை மில்லிசெகண்ட் தாமதமாக விழும். இரண்டையும் மோனோவில், அதாவது ஒரே சேனலாக, கூட்டும்போது 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேரின் உடம்புக்கும் அறைகிற முனைக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. ஸ்நேர் அட்டைப்பெட்டி மாதிரி கேட்கிறது என்று புலம்பி வருகிற ரெக்கார்டிங்குகளில் பலவற்றுக்கு இந்த ஒரு சாண் கேபிள்தான் மருந்து.

அடுத்து, ஓவர்ஹெட்டோடு கிக் மைக்கைச் சேர்த்துக் கேளுங்கள். கிக் சேனலில் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஒருமுறை அழுத்தி, ஒருமுறை விட்டு. எப்போது அடிவயிறு கனமாகிறதோ அந்த நிலையில் விடுங்கள். ஸ்நேருக்கும் அதே சோதனை.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்ச அளவு மீட்டரில் -10 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும், சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சாம்பிள் ரேட் 44.1 ஆனாலும் 48 கிலோஹெர்ட்ஸ் ஆனாலும், ஆல்பம் முழுக்க ஒன்றே ஒன்று.

க்ளிக் (ஹெட்போனில் வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒலி) வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டை உண்டு. என் வழி இது: பேண்ட் முழுவதும் ஒரே அறையில், ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிக்கட்டும். ஆம்புகளைப் பக்கத்து அறையிலோ மெத்தைக்குப் பின்னாலோ வைத்து, டிரம்ஸை மட்டும் முக்கியமாகப் பிடியுங்கள். க்ளிக்கில் டிரம்மர் விறைத்துப்போனால் முதல் நாலு எண்ணிக்கைக்கு மட்டும் கொடுத்து அணைத்துவிடுங்கள். கோரஸில் வேகம் இரண்டு பிபிஎம் ஏறினால் அது குற்றமில்லை. பாட்டு முடிவதற்குள் பத்து ஏறினால் குற்றம். ஒரு பாட்டுக்கு நாலு டேக்குக்கு மேல் போனால் அடுத்த பாட்டுக்குத் தாவி, சாயங்காலம் திரும்பி வாருங்கள்.

கிட்டார், பேஸ், குரல்

ஆம்ப் ஸ்பீக்கர் முன்னால் ஒரு எஸ்எம்57, சாதாரண மைக்தான். கோனின் மையத்தில் கூர்மை, விளிம்பை நோக்கிப் போகப் போக இருட்டு. ஒருவர் வாசிக்க, ஒருவர் ஹெட்போனில் கேட்க, இன்னொருவர் விரற்கடை விரற்கடையாக மைக்கை நகர்த்தட்டும். பிடித்த இடம் கிடைத்ததும் டேப் ஒட்டிக் குறியுங்கள். டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறையுங்கள். ரெக்கார்டிங்கில் இரண்டு, மூன்று தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அதுவாகவே கூடிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூன் செய்யுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும். பேஸை மட்டும் ஆம்போடு சேர்த்து டிஐ வழியாகவும் (ஆம்ப் இல்லாமல் நேரடியாக) எடுத்து வையுங்கள், ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒத்திப்போடாதே என்று இத்தனை நேரம் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் சலுகையா என்றால், ஆமாம், என் வாத்தியத்துக்கு மட்டும் சலுகை.

குரலுக்கு விலை உயர்ந்த மைக் இல்லையே என்று நிற்காதீர்கள். பான் ஐவர் என்ற பேண்டின் முதல் ஆல்பத்தை அதன் பாடகர் ஜஸ்டின் வெர்னன் 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் ஒரு மரவீட்டில் தனியாக இருந்து பதிவு செய்தபோது கையில் இருந்தது ஒரு எஸ்எம்57தான். அறைதான் முக்கியம். வெறும் சுவர் எதிரொலிக்காத மூலையாகப் பாருங்கள், பாடகரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை தொங்கட்டும். முழுப் பாட்டையும் மூன்று அல்லது நாலு முறை பாட வைத்து, வரிகளை அச்சிட்ட தாளில் எந்த வரி எந்த டேக்கில் நன்றாக வந்தது என்று அப்போதே டிக் செய்யுங்கள். அன்றைக்கே ஒட்டி முடித்துவிடுங்கள். வரி வரியாக ஒட்டலாம். வார்த்தை வார்த்தையாக ஒட்டினால் மூச்சு எங்கே போனது என்று கேட்பவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

டெமோவை அழிக்காதீர்கள். ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா'வின் பாட்டுகளை டெமோவாகத்தான் நாலு தட கேசட் கருவியில் பதிவு செய்தார். பிறகு பேண்டை வைத்து வாசித்துப் பார்த்தும் திருப்தியில்லை. 1982-இல் வெளிவந்தது அந்தக் கேசட்டேதான். உங்கள் போன் பதிவில் ஏதாவது ஒரு பாட்டு புது ரெக்கார்டிங்கைவிட நெஞ்சைத் தொட்டால், வெட்கப்படாமல் ஆல்பத்தில் போடுங்கள்.

மிக்ஸ், மாஸ்டர்

இதுவரை சொன்னதைச் செய்திருந்தால் மிக்ஸ் என்பது பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் வேலை. குறைந்த சத்தத்தில், மோனோவில் தொடங்குங்கள். முதலில் குரல், அதைச் சுற்றி டிரம்ஸ், பிறகு பேஸ், கடைசியில் கிட்டார். பேண்டுகள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் கடைசியில் குரலுக்கு இடம் இருக்காது. பிடித்த வேறு ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை எடுத்து, உங்கள் மிக்ஸின் சத்த அளவுக்கு இறக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். இறக்காமல் ஒப்பிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

திருத்தச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே பட்டியலாக, மூன்று சுற்று மட்டும். நாலு பேர் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினால் ஒவ்வொரு மெசேஜிலும் "என்னோடது கொஞ்சம் ஏத்துங்க" என்று இருக்கும். எல்லோருடையதையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவர்களே பேசி முடிவெடுத்துவிட்டு வரட்டும்.

மாஸ்டரிங்கை (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகு) மிக்ஸ் செய்யாத இன்னொரு காதிடம் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் பாட்டுகளை -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் கீழே இறக்கிவிடும். நசுக்கிக் கொடுத்தது நசுங்கியபடியேதான் இருக்கும், சத்தம் மட்டும் போய்விடும். வினைல் இசைத்தட்டு போடப் போகிறீர்கள் என்றால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைச் சுற்றி நிறுத்துங்கள். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஒலி கரகரக்கும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், அமைதியானதை முடிவிலும் வைப்பது பழைய வழக்கம். வினைல் போடாவிட்டாலும் இந்த வரிசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வெளியீடு

அலுப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீடு, ஆல்பத்துக்கு ஒரு பார்கோடு எண். சிங்கிளாக முன்பே விட்ட அதே பதிவு ஆல்பத்திலும் வந்தால் அதே ஐஎஸ்ஆர்சியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் கேட்ட எண்ணிக்கை இரண்டாகச் சிதறும். பெயர்களின் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு மாதம் முன்பே செய்துவிடுவது நல்லது. முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே பணம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேரடியாக விற்க பேண்ட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், டி-ஷர்ட், வினைல் போன்றவற்றில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள். புது பேண்டுக்கு, ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிற முப்பது பேர் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டுப் போகிற மூவாயிரம் பேரைவிடப் பெரிய சொத்து.

விமர்சகர்களுக்கு ஆறு வாரம் முன்னால் எழுதுங்கள். ஃபைலை இணைக்காமல் லிங்க் மட்டும். அவர் முன்பு எழுதிய எதையோ படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பது முதல் வரியில் தெரியட்டும். உங்கள் இசை எதுபோல இருக்கும் என்று இரண்டாவது வரியில், முதலில் கேட்க வேண்டிய பாட்டு எது என்று மூன்றாவதில். "தனித்துவமான ஒலி" என்று எழுதாதீர்கள். வருகிற எல்லா மடலிலும் அதுதான் இருக்கிறது.

வந்த பிறகு

பெரும்பாலும் எதுவும் நடக்காது. இதற்குத் தயாராக இருங்கள். முதல் வாரம் நண்பர்கள் பகிர்வார்கள், இரண்டாவது வாரம் அமைதி. அந்த அமைதியை வைத்து ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. 'ஸ்பைடர்லேண்ட்' 1991-இல் கடைக்கு வரும் முன்பே ஸ்லின்ட் கலைந்துவிட்டிருந்தது, வாங்கினவர்களும் குறைவு. பின்னால் வந்த எத்தனையோ பேண்டுகளுக்கு அதுதான் பாடப் புத்தகம் ஆனது. நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற பேண்டின் 1998 ஆல்பத்துக்கு இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் முதலில் கொடுத்தது பத்துக்கு 8.7. 2005-இல் மறுவெளியீடு வந்தபோது அதே பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. இடையில் ஆல்பத்தில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை.

வில்கோ என்ற பேண்டின் கதை வேறு மாதிரி. 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தை 2001-இல் ரிப்ரைஸ் நிறுவனம் வேண்டாம் என்றது. பேண்ட் ஒலிப்பதிவின் உரிமையோடு வெளியே வந்து, செப்டம்பரில் தன் தளத்திலேயே எல்லோரும் கேட்கும்படி போட்டது. 2002 ஏப்ரலில் நான்சச் என்ற லேபிள் வெளியிட்டபோது பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடம். ரிப்ரைஸ், நான்சச் இரண்டும் வார்னர் குடும்பம் என்பது வேடிக்கை. உரிமை கையில் இருந்ததால்தான் அவர்களால் இதைச் செய்ய முடிந்தது. அந்த ஒரு பக்கக் காகிதத்தை ஏன் வற்புறுத்தினேன் என்று இப்போது புரியும்.

மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பாட்டுக்குப் பாட்டு உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எதைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், எதைப் பாதியில் தாண்டுகிறார்கள், மேடையில் எதற்கு முன்வரிசை போனைக் கீழே இறக்குகிறது. முகம் தெரியாத ஒருவர் "ஆறாவது பாட்டில் அந்த இரண்டாவது வெர்ஸ்" என்று குறிப்பாக எழுதினால் அதை வெட்டி எடுத்து வையுங்கள். "சூப்பர் ப்ரோ" என்பதில் அடுத்த ஆல்பத்துக்கு எந்தத் தகவலும் இல்லை.

கடுமையான விமர்சனம் வந்தால் பதில் எழுதாதீர்கள். வாசித்தவர் பெயர் தவறாக இருந்தால் மட்டும் திருத்தச் சொல்லலாம். அப்புறம் அந்த ரிகர்சல் நோட்டைத் திறங்கள். விமர்சகர் சொல்கிற இடம் உங்கள் குறிப்பிலும் இருந்து, நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றால் அவர் சொல்வது சரி. குறிப்பில் இல்லை, நீங்கள் தெரிந்தே செய்தது என்றால் அது ரசனை வித்தியாசம். நான் வாசித்த ஓர் ஆல்பத்தைப் பற்றி ஒருவர் "பேஸ் இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்று எழுதினார். அந்தப் பாட்டுகளில் கிக் தனியாகத் தெரிய வேண்டும் என்று பேஸை இறக்கச் சொன்னதே நான்தான். படித்துவிட்டுச் சிரித்தோம். டிரம்மர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

கடைசியாக ஒரு வேலை. விமர்சனமெல்லாம் ஓய்ந்த பிறகு யாரும் செய்ய மாட்டார்கள், அதனால் வெளியீட்டு வாரத்திலேயே முடியுங்கள். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீள வேவ் ஃபைலாக எடுத்து, மிக்ஸ், குரலில்லாத மிக்ஸ், மாஸ்டர், வரிகள், பிபிஎம், பங்குக் காகிதத்தின் படம் எல்லாவற்றோடும் இரண்டு ஹார்ட் டிரைவில் போடுங்கள். சாஃப்ட்வேர் மாறும், பிளக்-இன் திறக்காது, வேவ் ஃபைல் திறக்கும். என்றைக்காவது மறுவெளியீட்டுக்கோ, படத்துக்குக் குரலில்லாத வடிவம் வேண்டுமென்றோ யாராவது கேட்டால் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டிரைவின் மேல் ஆல்பத்தின் பெயர், தேதி, சாம்பிள் ரேட் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.